நனைந்து வந்த கணிப்பு

வானத்துக்கே கணக்குச் சொல்லித்தரும் ஓர் அலுவலகத்தில் தெய்வானை என்றொருத்தி இருந்தாள். கொன்றையாற்றில் என்றைக்காவது கொட்டக்கூடிய பேய்மழை எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் கணிப்பது அவள் வேலை. அவள் கணக்குப்படி அந்த ஆற்றின் அணைக்கு இன்னும் இரண்டு மதகு வேண்டும். இல்லாவிட்டால் கீழே இருக்கும் ஆலமங்கலம் மிதந்துவிடும்.

தான் கட்டிய அணைக்கே குறையா என்று அலுவலகக் கூட்டத்தில் கனைத்தார் தலைமைப் பொறியாளர் கஜபதி. "ஏம்மா, பக்கத்து ஆத்துல பெஞ்ச மழையைத் தூக்கி நம்ம ஆத்துல ஊத்திக் கணக்குப் போட்டிருக்கியே, மேகம் என்ன வாடகை வண்டியா, நீ கூப்பிட்ட இடத்துக்கு வர? மழையைப் பாதியாக் குறை!"

தெய்வானை நனைந்த தலையைத் துவட்டினாள். 'இன்று மழை கிடையாது' என்று காலையில் கணித்தவளும் அவள்தான், அதை நம்பிக் குடையில்லாமல் வந்த ஒரே ஆளும் அவள்தான்.

"உன் கணிப்போட லட்சணம்தான் சொட்டுதே!" என்றார் கஜபதி. கூட்டமே சிரித்தது.

"வாஸ்தவம் சார், என்னை நம்பி நானே நாசமாப் போனேன். நீங்க எப்படி நனையலை?"

"பக்கத்து ஊர்ல கொட்டுதுன்னு மச்சான் போன் பண்ணான். அங்க பெய்யுற மழை இங்க வராதா? குடையை எடுத்துட்டேன். இதுக்கெல்லாம் கம்ப்யூட்டர் எதுக்கும்மா?"

"அதேதான் சார் நானும் செஞ்சேன். நீங்க உங்களுக்குக் குடை எடுத்தீங்க, நான் ஆத்துக்கு ரெண்டு மதகு கேட்டேன்."

கஜபதி பேனாவை எடுத்தார். மதகுக்குக் கையெழுத்து விழுந்தது.

சாயங்காலம் கனமழை நிச்சயம் என்று கணித்து, அவர் குடையையே இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினாள் தெய்வானை. வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. குடையை விரித்தபடியே நடந்தாள்; கணித்தவள் மானம் போகலாமா?