பதில் வரி

"எனக்கு என்ன குறை, மிஸ்?" என்று கேட்டார் திரவியம்.

சாக்ஸபோனில் யூனிஸ்தான் அவருக்குக் குரு. வயதில் சின்னவள். அவளோடு பியானோ வாசித்த கணவன் லெஸ்லி செத்ததிலிருந்து வாத்தியத்தைத் தொடுவதில்லை. சனிக்கிழமை ஜாஸ் கச்சேரியில் அவள் இடம் காலி. அங்கே யாரை நிறுத்துவது என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

திரவியத்துக்கு அந்த இடம் வேண்டும். கல்யாண மேடைகளில் அடுத்தவன் பாட்டை ஊதி ஊதியே தலை நரைத்துவிட்டது. ஒரு நாளாவது சொந்தக் கற்பனையில், மனம் போன போக்கில் வாசிக்க வேண்டும். ஜாஸ் என்றால் அதுதானே! நியாயமான ஆசைதான். ஆனால் மனம் போன போக்கை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தார் மனிதர்.

"வாசிங்க," என்றாள் யூனிஸ். பியானோவில், சனிக்கிழமை வாசிக்கப்போகிற ரூபன் உட்கார்ந்தான்.

திரவியம் எடுத்தது யூனிஸும் லெஸ்லியும் வீட்டில் பதிவு செய்த பாட்டு. பிசிறில்லை. அவள் மூச்சு வாங்கிய இடத்தில் இவரும் மூச்சு வாங்கினார். நடுவில் வரும் சின்னத் துணுக்கை அவளைப் போலவே மூன்று முறை ஊதினார், ஒவ்வொரு முறையும் இன்னும் உரக்க. ரூபன் பக்கம் திரும்பவே இல்லை.

"அச்சு அசல் இல்லையா, மிஸ்?" வேர்வையைத் துடைத்தார். "ஊரே சிலாகிக்கிற இடம். லெஸ்லி சார் கையை எடுத்துட்டு உங்களுக்கு வழி விடுவாரே, என்ன பெருந்தன்மை!"

யூனிஸ் கசப்பாகச் சிரித்தாள்.

"அந்த இடத்தை நான் ஏன் மூணு தடவை வாசிச்சேன், தெரியுமா?"

"அழகுக்கு."

"மண்ணாங்கட்டி. நான் ஒரு வரி வாசிச்சா அவர் ஒரு வரி பதில் வாசிப்பார். அதுதான் எங்க வழக்கம். அன்னைக்குப் பதில் வரலை. கண்ணை மூடிக்கிட்டே மறுபடி கூப்பிட்டேன். அப்பவும் இல்லை. கோபம் வந்துச்சு. மூணாவது தடவை கத்தினேன். கண்ணைத் திறந்தா, நாற்காலியிலேயே சரிஞ்சு கிடக்கார். பாவி மனுஷன், சொல்லாம போயிட்டார்."

திரவியம் சாக்ஸபோனைக் கீழே இறக்கினார்.

"ஐயோ... எனக்குத் தெரியாது, மிஸ்."

"யாருக்குமே தெரியாது. அவர் விரல் பட்ட கடைசிப் பாட்டு, அதனால வெளியிட விட்டேன். அது கிடக்கட்டும். நீங்க வாசிச்சப்போ ரூபன் என்ன பண்ணினான்?"

திரவியம் ரூபனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மூணு தடவையும் பதில் வாசிச்சான்," என்றாள் யூனிஸ். "எனக்கு ஒரே ஒரு தடவை வந்திருந்தா போதும்."



"அப்போ, சனிக்கிழமை?" என்றார் திரவியம்.

"ரூபன் தனியாவே வாசிக்கட்டும். இப்பவும் தனியாத்தானே வாசிச்சான்."