வலிக்கு எத்தனை மார்க்

இருபத்திரண்டு வருஷம் ஒருவருடைய நிழலில் இருந்தவருக்கு, அந்த நிழல் அடுத்த கட்டில்மேல் விழுந்தால் பொறுக்காது. வைத்திலிங்கத்துக்கும் பொறுக்கவில்லை.

அவருடைய குரு கனகசபைத் தேசிகர். மடத்தில் எல்லோருக்கும் ஐயா. குடல் முறுக்கிக்கொண்டதென்று வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்து, ஆண்கள் வார்டில் கிடத்தியிருந்தார்கள். தொப்புளுக்கு மேலும் கீழுமாக ஒரு சாண் நீளத்துக்குத் தையல்.

ஐயாவுக்கு வலி தெரியாது என்பது மடத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஒருமுறை தேள் கொட்டியபோதும் அவர் பாடத்தை நிறுத்தவில்லை. அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிப் பரப்பியவர் வைத்திலிங்கம்தான்.

முதல் நாள் நர்ஸ் பரிமளா வந்தாள்.

"தாத்தா, பூஜ்யத்துலேருந்து பத்து வரைக்கும் சொல்லுங்க. வலி எத்தனை?"

தாத்தா என்று அவள் கூப்பிட்டதே வைத்திலிங்கத்துக்குச் சுருக்கென்றது.

"ஐயாவுக்குப் பூஜ்யம்மா" என்றார். "எங்க ஐயாவைப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

பரிமளா ஐயாவைப் பார்த்தாள். ஐயா கண்ணை மூடிக்கொண்டார். அவள் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு, வலி ஊசியைப் போடாமல் போய்விட்டாள்.

அடுத்த கட்டிலில் சூசைமாணிக்கம் என்று ஒரு லாரி டிரைவர். அவருக்கும் வயிற்றில்தான் ஆபரேஷன். "அம்மா! செத்தேன்!" என்று வார்டே அதிரக் கத்துவார். ஊசி போட்டதும் சிரிப்பார்.

"சாமி, எனக்கு எட்டு மார்க். கணக்குப் பரீட்சையில கூட இவ்வளவு வாங்கினதில்லை."

ஐயாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகம் கோணினார்.

"தலகாணியை வயித்துல அணைச்சுக்கிட்டுச் சிரிங்க சாமி. இருமும்போதும் அப்படித்தான். சிஸ்டர் எனக்குச் சொல்லிக்குடுத்தாங்க."

ஐயா தலையணையை அணைத்துக்கொண்டார். மடத்தில் வைத்திலிங்கம் எத்தனையோ வேடிக்கை சொல்லியிருக்கிறார். ஐயா ஒன்றுக்காவது இப்படிச் சிரித்ததுண்டா?

மூன்றாம் நாள் ஐயாவுக்குக் காய்ச்சல் கண்டது. மூச்சை நன்றாக இழுக்காமலும் இருமாமலும் இருப்பதால் நெஞ்சில் சளி கட்டுகிறது என்றார் டாக்டர். "வலிதான் இல்லையே, இருமித் துப்புங்க பெரியவரே. இப்படியே விட்டா நுரையீரலுக்கு ஆபத்து."

ஐயா முயன்றார். பாதி இருமலிலேயே நின்றுவிட்டார்.

வைத்திலிங்கம் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கப் போனார். திரும்பி வரும்போது வார்டு வாசலிலேயே சூசைமாணிக்கத்தின் குரல் கேட்டது.

"நெசமா எத்தனை சாமி?"

"ஒன்பது" என்றார் ஐயா.

"அடேங்கப்பா! என்னைவிட ஒண்ணு கூட. வாயைத் திறந்து சொன்னா என்ன?"



வைத்திலிங்கத்துக்கு ஐயோ, ஒன்பதா என்று நெஞ்சு பதறியிருக்க வேண்டும். பதறவில்லை, எரிந்தது. குளிப்பாட்டிவிட்டவன் நான். கால் பிடித்தவன் நான். அந்த ஒன்பது எனக்குச் சேர வேண்டியது. மூன்று நாள் சிநேகிதத்துக்கு, அதுவும் பீடி நாற்றம் அடிக்கிற ஒருத்தனுக்கா அதைக் கொடுப்பது?

நேரே போய் இரண்டு கட்டிலுக்கும் நடுவே இருந்த திரையைச் சரக்கென்று இழுத்துவிட்டார்.

"என்னண்ணே, காத்து வரலை" என்றார் சூசைமாணிக்கம்.

"ஐயாவுக்கு ஓய்வு வேணும்."

பரிமளா வந்தாள். "தாத்தாவுக்கு எத்தனை?"

வைத்திலிங்கம் தெரிந்தேதான் சொன்னார்.

"பூஜ்யம்."

திரைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. "சிஸ்டர்! ஒன்பது! என்கிட்ட சொன்னாரு! அந்தண்ணன் பேச்சைக் கேட்டீங்கன்னா சாமி போய்ச் சேர்ந்துடுவாரு!"

பரிமளா திரையை விலக்கினாள். ஐயாவின் நெற்றியில் வேர்வை முத்துமுத்தாக நின்றது. அவள் வைத்திலிங்கத்தை ஏறிட்டுப் பார்த்தாள். போய் டாக்டரிடம் கேட்டுவந்து ஊசியைப் போட்டாள்.

அரை மணி நேரத்தில் ஐயாவின் கைவிரல்கள் தளர்ந்தன. தலையணையை அணைத்துக்கொண்டு இருமினார். சளி வந்தது. மறுபடியும் இருமினார். பிறகு ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார். மூன்று நாளில் அதுதான் முதல் முழு மூச்சு.

வைத்திலிங்கம் சளிக் கிண்ணத்தைக் கழுவி வைத்தார். அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"இருபத்திரண்டு வருஷம் ஐயா. உங்க பல்வலிகூட என்கிட்ட வந்ததில்லை. அவன்கிட்ட ஒன்பதுன்னு சொல்றீங்க. என்கிட்ட ஏன் சொல்லலை?"

"அவன் கேட்டான்."

"நான் கேக்கலையா? தினம் விடிஞ்சதும் முதல் பேச்சே அதுதானே?"

"என்னன்னு கேப்பே?"

வைத்திலிங்கம் யோசித்தார். குரல் தாழ்ந்தது.

"'ஐயாவுக்குத்தான் வலியே கிடையாதே'ன்னு..."

ஐயா அவர் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நீ பதிலைக் கையில வச்சுக்கிட்டுக் கேப்பே. அவன் வெறுங்கையோட கேட்டான், வைத்தி."

சாயங்காலம் மடத்திலிருந்து நாலு பேர் விபூதிப் பொட்டலத்தோடு வந்து கால்மாட்டில் கைகட்டி நின்றார்கள். தேள் கதையை வைத்திலிங்கத்தின் வாயால் கேட்டவர்கள்.

"நாங்க வீட்டுல தலைவலின்னு படுத்துக்கிறோம்" என்றார் ஒருவர். "ஐயாவைப் பாருங்க! வலின்னு ஒரு வார்த்தை உண்டா? என்ன வைத்தி அண்ணே?"

வைத்திலிங்கம் பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பரிமளா உள்ளே வந்தாள். ஐயாவிடம் வலி எத்தனை என்று கேட்க வாயெடுத்தாள்.

ஐயா கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். வந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு வைத்திலிங்கத்தைப் பார்த்தார்.

"நீ கேளு" என்றார்.