பன்றி விரட்டப் போன மன்னர்

முன்னொரு காலத்தில், எந்த நாடென்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது, ஒரு மன்னரின் ஆளுயரக் கண்ணாடி சுக்குநூறாகிப் போனது. காரணம் தளவாய் வீரபாகு. வெடிமருந்து திணித்த துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் மீசை முறுக்கப் போக, அது சரிந்து டமாரென்று வெடித்துவிட்டது.

"குற்றம் துப்பாக்கியுடையது, அரசே! குடிகளிடமும் இது இருக்கிறது. உடனே பறித்துவிட வேண்டும்!" என்று முந்திக்கொண்டார் தளவாய்.

"பறித்துவிடுங்கள். இனி குடிகளைக் காப்பது என் பொறுப்பு," என்றார் மன்னர்.

அரசவை விகடகவி வெள்ளியப்பன் துள்ளி எழுந்தான். அவன் மாமியார் ஊர் மலையடிவாரத்தில் இருந்தது. சோளம் கதிர் பிடித்தால் காட்டுப் பன்றிகள் இறங்கிவிடும். துப்பாக்கி இல்லையென்றால் அந்த வருடம் ஊருக்கே சோறில்லை.

"கண்ணாடியை உடைத்தவர் தளவாய், பட்டினி கிடப்பது என் மாமியாரா, அரசே?" என்று கேட்டேவிட்டான்.

தளவாய் இதற்காகத்தானே காத்திருந்தார்! "அப்படியானால் பறிக்கும் வேலையை வெள்ளியப்பனிடமே கொடுங்கள், அரசே. ஒரு துப்பாக்கி மிஞ்சினாலும் அவன் தலை போகட்டும்."

மன்னரும் சரியென்றுவிட்டார்.

வெள்ளியப்பன் ஊருக்குள் நுழைந்ததுமே மாமியார் சடைச்சி உலக்கையோடு வந்தாள். "ஏன் மாப்ளே, பொண்ணு குடுத்த வீட்டுலயே கை வைக்க வந்தீகளா?"

"உலக்கையைக் கீழே போடுங்க அத்தை. காப்பாத்துறது தன் பொறுப்புன்னு மன்னர் வாயாலேயே சொல்லிட்டாரு. பன்னி வந்தா யாரும் கல்லைக்கூட எடுக்காதீங்க. நேரா அரண்மனைக்கு ஓடி வந்து அவரையே கூப்பிடுங்க."

சடைச்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. துப்பாக்கிகள் எல்லாம் வண்டியேறின.

மறுநாள் காலை மன்னர் உடம்பெல்லாம் எண்ணெயோடு குளிக்க நின்றார். வாசலில் ஒரே கூச்சல். "ராசா! பன்னி வந்திருக்கு, வாங்க!"

"வழி விடுங்கள்! மன்னர் தந்த வாக்கு!" என்று காவலரை விலக்கினான் வெள்ளியப்பன்.

வாக்குத் தவறலாமா? எண்ணெய் வழிய வழியக் குதிரை ஏறினார் மன்னர்; தளவாயும் வெள்ளியப்பனும் பின்னாலேயே ஓடினார்கள். போய்ச் சேர்ந்தபோது பன்றி தின்று முடித்துப் போயேவிட்டது. திரும்பி வந்து, அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் கைவைத்தார். "ராசா! இன்னொண்ணு வந்திருக்கு!" மறுபடி ஓடினார். அதுவும் போய்விட்டது. கண்ணயரப் படுத்தார். "ராசா!"

மூச்சிரைக்க வரப்பில் உட்கார்ந்துவிட்டார் மன்னர். "நான் வருவதற்குள் தின்றுவிடுகிறதே, ஐயா!"

"பன்றி வரும் நேரத்தில் இங்கே நிற்பவர்கள் இவர்கள்தானே, அரசே," என்றான் வெள்ளியப்பன்.

"துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்து, தளவாயைப் போல இவர்களும் வெடித்து வைத்தால்?" என்றார் மன்னர்.

சடைச்சி முன்னால் வந்தாள். "எங்க ஊர்ல துப்பாக்கி ஆம்பளைகிட்ட, வெடிமருந்து வைக்கிற மருந்துக் கொம்பு பொம்பளைகிட்ட, ராசா. கள்ளு வாடை அடிச்சாலோ, சண்டை போட்டுட்டு வந்தாலோ ஒரு சிட்டிகை கிடைக்காது. ஆள் இருக்கான்னு கூவிப் பார்த்துட்டுத்தான் சுடணும். குழலைத் துடைச்சுக் காட்டுனாத்தான் அன்னைக்குச் சோறு!"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுங்கள்! தளவாயே, உமது மருந்துக் கொம்பு இன்றிலிருந்து உம் மனைவியிடம்!"

"ஐயோ அரசே, அவளிடமா? மோர் கேட்டாலே காரணம் கேட்பாளே!"

மன்னருக்குச் சிரிப்பு இன்னும் பொங்கியது. கழுத்து முத்துமாலையைக் கழற்றி வெள்ளியப்பனுக்குப் போட்டார். அதன்பின் தளவாய் வீரபாகு, ஒரு சிட்டிகை மருந்துக்காகத் தினமும் அடுக்களை வாசலில் நின்று வாயை ஊதிக் காட்டினாராம்.