வாங்காத பச்சைச் சுடிதார்

கதையை நான் சொல்லிவிடுகிறேன். குற்றவாளியை நீங்கள்தான் பிடிக்க வேண்டும். எதையும் ஒளிக்கப் போவதில்லை. இருந்தாலும் உங்களில் பாதிப் பேர் தப்பான ஆளின் சட்டையைத்தான் பிடிப்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் பிடித்தேன்.

ஆண்டிபட்டிப் பக்கத்துப் பெண் சுகந்தி. கணவன் பால்ராஜ் கை நீட்டுகிறவன். ஆனால் கல்யாணமான புதிதில் அவனைப் போலத் தாங்கியவன் கிடையாது. முதல் மாதமே அவளுக்கு ஸ்மார்ட்போன் வாங்கி, ஈமெயில் கணக்கையும் அவனே தொடங்கி, கடவுச்சொல்லும் அவனே போட்டுக் கொடுத்தான். இரண்டு பேர் பெயரையும் சேர்த்து ஒட்டிய கணக்கு. “எம்புட்டு ஆசை பாரு மாப்பிள்ளைக்கு” என்று சுகந்தியின் அம்மா பூரித்துப் போனாளாம்.

நான்காவது வருடம் அவன் அடித்த அடியில் அவளுக்கு இடது காது கேட்காமல் போனது. அதற்குள் அம்மாவும் இறந்துவிட்டாள். சுகந்தி யாரிடமும் சொல்லாமல் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினாள். ஒரு பெண்கள் விடுதியில் இடமும் தையல் கம்பெனி ஒன்றில் வேலையும் கிடைத்தன. வந்த அன்று காலை நாலு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வெளியே வந்தவள், “இன்னியோட அவனத் தலைமுழுகிட்டேன்” என்றாள். பேச்சோடு நிற்கவில்லை. பழைய சிம்மை ஒடித்துப் போட்டாள், பழைய போனைக் கல்லால் நசுக்கினாள்.

அவள் இருக்கும் இடம் மூன்று பேருக்குத்தான் தெரியும்: லாரி ஓட்டும் அண்ணன் தவசி, கூட வேலை பார்க்கும் மும்தாஜ், விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ரெஜினா அம்மா. மூவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள்.

எட்டு மாதம் பட்டன் போனோடு ஓட்டினாள். போன மாதம்தான் ஆசைப்பட்டு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கினாள். “பழைய கணக்கையே போட்டுடட்டுங்களா? போட்டோ எல்லாம் தானா வந்துருங்க” என்றார் கடைக்காரர். அம்மாவின் படங்கள் அதில்தான் இருந்தன. கடவுச்சொல் மனப்பாடம். “போடுங்கண்ணே” என்றாள். திரையில் அம்மாவின் முகம் வந்ததும் கடையிலேயே அழுதுவிட்டாள்.

ஒரு வியாழக்கிழமை வேலை முடிந்து தனியாகத் துணிக்கடைக்குப் போனாள். பச்சைச் சுடிதார் ஒன்றைப் போட்டுப் பார்த்து, உடை மாற்றும் அறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அடி வாங்காத தன் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை, அவ்வளவுதான். தீபாவளிக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று சுடிதாரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை. ஸ்டேட்டஸிலும் வைக்கவில்லை.

ஞாயிறு காலை பதினொரு மணி. ஈரத் துணியை உதறிக்கொண்டே நிமிர்ந்தாள். விடுதி கேட்டுக்கு வெளியே பால்ராஜ் நின்றான்.

துணி கைநழுவி விழுந்தது. அவன் சிரித்துக்கொண்டு நின்றான். கோபமாக வந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

“என்ன புள்ள, இப்படி முழிக்கிற? அந்தப் பச்சை சுடிதாரு உனக்கு அம்புட்டு எடுப்பா இருந்துச்சே. எங்க, போடலையா?”

ரெஜினா அம்மா ஓடிவந்து கேட்டைப் பூட்டிப் போலீசுக்குப் போன் செய்தார். போலீஸ் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போயிற்று. சுகந்திக்கு ஒன்றுதான் தோன்றியது: சத்தியம் செய்த மூவரில் யாரோ ஒருவர் வாய் திறந்திருக்க வேண்டும்.

“பொண்டாட்டியத் தேடி வந்த புருஷங்க எத்தனையோ பேர திருப்பி அனுப்பியிருக்கேன்னு இந்தத் தெருவே சொல்லும்மா. பொண்ணுங்கள தேடி வர்றவன்கிட்ட நான் வாய் திறந்ததே இல்ல” என்றார் ரெஜினா அம்மா. மும்தாஜ் நாளுக்கு நாலு ஸ்டேட்டஸ் போடுகிறவள். அத்தனையையும் திறந்து காட்டினாள். ஒன்றில்கூட சுகந்தி இல்லை. கடைசியாகத் தவசியைப் போனில் கேட்டாள்.

“பத்து நாளைக்கு முன்னாடி அவன்கூட ஒரு டீ குடிச்சேன் தாயி. கால்ல விழுந்து அழுதான். ஆனா நீ இருக்கிற ஊரு பேரக்கூட நான் சொல்லல.”

“என் காத செவிடாக்குனவன்கூட உனக்கு டீ கேக்குதா? இனி உன்னையும் தலைமுழுகிட்டேண்ணே.”

மறுநாள் காலை தவசி லாரியோடு வந்து அதே கேட்டில் நின்றான். அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு அவன் வண்டியை எடுத்தான். அவளுக்கு மிச்சமிருந்த ஒரே சொந்தம் அவன்.

இப்போது சொல்லுங்கள்: சுகந்தி இருக்கும் இடத்தைப் பால்ராஜுக்குக் காட்டிக் கொடுத்தது யார்?

விடை: மூவரில் ஒருவரும் இல்லை. அந்தச் சுடிதாரில் அவளை மூவரும் பார்த்ததே கிடையாது. “போடலையா?” என்று கேட்ட பால்ராஜுக்கு அவள் அதை வாங்கவில்லை என்பதும் தெரியாது. அவன் பார்த்தது படத்தை மட்டும். யாருக்கும் அனுப்பாத படம், அவன் தொடங்கிய கணக்கில் தானாகவே போய்ச் சேர்ந்திருந்தது. அந்தக் கணக்கு அவன் போனில் இன்னும் திறந்தே கிடந்தது. அம்மாவின் படங்கள் அவளிடம் வந்த அதே வழியில் அவளுடைய படமும், போன் இருக்கும் இடமும் அவனிடம் போய்விட்டன. கணக்கைத் திறந்து, அதில் அவன் போனின் பெயரும் இருப்பதைக் காட்டியவள் மும்தாஜ். சுகந்தி உடனே கடவுச்சொல்லை மாற்றி, அவன் போனை வெளியேற்றி, அம்மாவின் படங்களைத் தனக்கென்று தொடங்கிய புதுக் கணக்குக்கு மாற்றிக்கொண்டாள். அடுத்த நிமிடம் தவசிக்குப் போன் போட்டாள். “நான் தலைமுழுகியிருக்க வேண்டியது அந்தக் கணக்கத்தாண்ணே, உன்னையில்ல” என்று அழுதாள். அப்போது பல்லடம் தாண்டியிருந்த லாரியைத் தவசி ஓரங்கட்டித் திருப்பினான்.