முதல் இலை யாருக்கு

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டைச் சிங்கமுத்தரசன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் சொன்னதை மத்தியானம் மாற்றுவான். மாற்றியதைச் சாயங்காலம் மறந்துவிடுவான். அவனை வைத்துக்கொண்டு நாட்டை நடத்தியவர் அமைச்சர் சாத்தப்பர்.

சபையில் இருபத்தோரு பேர். சாத்தப்பர் பக்கம் ஒன்பது பேர்தான். மலைநாட்டார் ஆறு பேர், கரைநாட்டார் ஆறு பேர். இவர்களுக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. அந்த ஆகாமையில்தான் சாத்தப்பரின் பதவி ஓடிக்கொண்டிருந்தது.

சபையில் வாக்கில்லாவிட்டாலும் மந்திரி பதவிமேல் கண்வைத்திருந்த பொறாமைக்காரர் வில்லவராயருக்கு இது பொறுக்கவில்லை. இரண்டு கூட்டத்தையும் தனித்தனியே பார்த்துப் பேசி முடித்துவிட்டு ராஜாவிடம் வந்தார்.

"பிரபு, ஒன்பது பேரை வைத்துக்கொண்டு ஒரு மந்திரியா? எனக்குப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். ஏரிக்கரைக்குப் போகும் பணத்தில் தங்களுக்கு வசந்த மண்டபம் கட்டித் தருகிறேன்."

ராஜாவுக்கு மண்டபம் பிடித்துப்போயிற்று. "சாத்தப்பரே, இன்றைக்கே வாக்கெடுப்பு" என்றான்.

ஏரிக்கரை பாதி உயரத்தில் நிற்கிறது. மழையோ நெருங்கிவிட்டது. ஆனாலும் சாத்தப்பர் கவலையை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"ஆகட்டும் பிரபு. மந்திரியைக் கவிழ்க்கிறவர்கள் முதலில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பிறகுதான் வாக்கு. தங்கள் பாட்டனார் வைத்த வழக்கம். சமையலுக்குச் சொல்லிவிடட்டுமா?"

"அவர் செலவில் எனக்கு விருந்து" என்று வில்லவராயர் சிரித்தார்.

பன்னிரண்டு இலைகள் வரிசையாக விழுந்தன. சாத்தப்பர் கைகூப்பி நின்றார். "வாருங்கள். முதல் இலையில் உட்காரப்போவது யார் என்று தெரிந்தால் பரிமாறச் சொல்லிவிடுவேன்."

மலைநாட்டார் தலைவர் பூதனார் முன்னால் வந்தார். கரைநாட்டார் தலைவர் பொன்னரையரும் வந்தார்.

"ஆறு எங்கள் மலையில் பிறந்துதானய்யா உம்ம கரைக்கு வருது" என்றார் பூதனார்.

"வந்து சேர்ற இடத்துலதான் அதுக்கு மரியாதை. தள்ளி நில்லும்."

வில்லவராயர் குறுக்கே பாய்ந்தார். "வட்டமாக இலை போடுங்கள்."

"போடலாம். சோறு எந்த இலையிலிருந்து ஆரம்பிக்க?" என்று பணிவாகக் கேட்டார் சாத்தப்பர்.

"அப்படியானால் வரிசையே இருக்கட்டும். இரண்டு கோடியிலிருந்தும் இரண்டு பேர் பரிமாறட்டும்" என்றார் வில்லவராயர்.

இப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கரைநாட்டார் குரல் கொடுத்தார். "தலைவர்கள் இரண்டு பேருக்கும் சுடச்சுட. நடுவிலே உட்காருகிற எங்களுக்கு ஆறினதா?"

அதோடு பந்தி கலைந்தது. மலைநாட்டார் கிழக்கு வாசல் வழியாகவும் கரைநாட்டார் மேற்கு வாசல் வழியாகவும் பட்டினியாகவே வெளியேறினார்கள். வாக்கெடுப்பில் சாத்தப்பருக்கு ஒன்பது. எதிர்த்து ஒருவருமில்லை.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பன்னிரண்டு என்றீரே, வில்லவராயரே?"

"இருந்தார்கள் பிரபு. இலை போடும்வரை இருந்தார்கள்."

"சமைத்தது வீணாகக் கூடாது. இந்த ஒன்பது பேருக்கும் நீரே பரிமாறும்." வில்லவராயர் பட்டு மேலாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு சாதக் கூடையைத் தூக்கினார்.

"சாத்தப்பரே, ஏரிக்கரைப் பணம் உமக்குத்தான். வேறென்ன வேண்டும், கேளும்."

சாத்தப்பர் பந்தியைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய ஆட்கள் ஒன்பது பேரில் மூன்று பேர் முதல் இலைக்கு முன்னால் நின்றுகொண்டு ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒன்றும் வேண்டாம் பிரபு" என்றார் அவசரமாக. "எல்லாரும் நின்றுகொண்டே சாப்பிட உத்தரவாக வேண்டும்."