இளவரசியின் காதில் விழுந்த பெயர்கள்

முன்னொரு காலத்தில், பட்டப்பெயர் என்றாலே முகம் சிவக்கும் ஓர் அரசர் இருந்தார். சிறுவயதில் அவரைக் ‘குண்டப்பா’ என்று கூப்பிட்ட ஊர், முடிசூடிய பிறகும் அதை மறக்கவில்லை. அவருக்குப் பெண் பிறந்ததும் தம் தாயின் பெயரையே வைத்தார்: மரகதவல்லி நாச்சியார்.

“தொட்டில் நாளில் காதில் சொல்லப்படும் பெயரைத் தவிர வேறு பெயரால் என் மகளை எவரும் அழைக்கக் கூடாது. மரகதம், வல்லி என்று வெட்டிச் சுருக்கவும் கூடாது” என்று ஆணையிட்டார்.

அமைச்சர் விழுப்பரையர் எழுந்தார். அவருக்குக் ‘கொட்டைப்பாக்கு’ என்று பெயர் வைத்தவன் விகடகவி சாத்தப்பன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

“அரசே, ஊருக்கெல்லாம் பெயர் வைப்பவர் சாத்தப்பன். இதற்கு அவரே காவல் இருக்கட்டும். ஒருவர் மீறினாலும் சாத்தப்பன் நாட்டை விட்டுப் போகட்டும்.”

“அப்படியே ஆகட்டும்” என்றார் அரசர்.

சாத்தப்பன் கவலைப்படாமல் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தான். செவிலி பொன்னாத்தாள்தான் ஓடிவந்தாள்.

“அரசியம்மா அழுவுறாங்க சாமி. மாமியார் பேரை மருமக வாயால சொல்லலாமா? பெத்த புள்ளையக் கூப்பிடவே வழியில்லையே.”

“அழவேண்டாம் என்று சொல். தொட்டிலுக்குக் குனியும்போது, எந்தப் பெயர் சொல்லிக் கொஞ்ச ஆசையோ அதைக் காதில் சொல்லட்டும். நீயும் சொல்லு.”

தொட்டில் நாள் வந்தது. வழக்கப்படி முதலில் அத்தை குனிந்து முழுப்பெயரைச் சொன்னாள். பிறகு உறவும் அவையும் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். குழந்தை எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி சாத்தப்பன் நின்றான்.

மறுநாள் விழுப்பரையர் பொன்னாத்தாளை அவைக்கு இழுத்துவந்தார்.

“அரசே, இவள் இளவரசியைச் ‘சிட்டு’ என்று அழைத்தாள். என் காதால் கேட்டேன். சாத்தப்பன் புறப்படலாம்.”

“புறப்படுகிறேன்” என்றான் சாத்தப்பன். “ஆனால் காதில் சொன்ன பெயரால் அழைக்கலாம் என்பதே ஆணை. பொன்னாத்தாள் சிட்டு என்றுதான் சொன்னாள். அரசியார் ‘அம்மு’ என்றார். அமைச்சரே, தாங்களும் குனிந்தீர்களே. என்ன சொன்னீர்கள்?”

விழுப்பரையர் மேற்கூரையைப் பார்த்தார்.

“நான் பக்கத்தில் நின்றேன், ஐயா.”

“தங்கக்கட்டி” என்றார் அமைச்சர், மிக மெல்ல. “குழந்தை சிரித்தது. வாயில் வந்துவிட்டது.”

அவை அடக்கிக்கொண்டு குலுங்கியது. அப்போது அரசர் பக்கத்தில் அமர்ந்திருந்த அரசி சொன்னாள்: “அரசர் என்ன சொன்னார் என்றும் கேளுங்களேன்.”

அரசர் மீசையைத் தடவினார். வேறு வழியில்லை.

“குண்டம்மா” என்றார்.

சொன்னவரே முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பு நிற்கும் முன்பே தம் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் கழுத்தில் போட்டார். “ஒரு பட்டமும் உண்டு. என் மகள் உம்மை முதன்முதலில் எப்படிக் கூப்பிடுகிறாளோ, அதுவே.”

குழந்தைக்குப் பேச்சு வந்தது. அன்றிலிருந்து, சாத்தப்பன் அவைக்குள் நுழையும்போதெல்லாம் கட்டியக்காரன் சிரிக்காமல் கூவவேண்டியதாயிற்று:

“மாட்சிமை பொருந்திய தாத்தப்பூ வருகிறார்.”