வேலிக்கு அந்தப் பக்கம்

பொன்னம்பல சுவாமியின் ஆசிரமத்தில் பூரணம் என்றொரு சிஷ்யை இருந்தாள். பக்கத்திலுள்ள கீழமுடுக்கூரில் வாந்திபேதி பரவியபோது, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் போனாள். நோயாளிகளை ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் போட்டிருந்தார்கள். பலரைப் பிழைக்க வைத்தாள். கடைசியில் அதே நோயில் இறந்தாள்.

மறு வருடம் அந்த ஊர்க்காரர்கள் அவளுக்குக் கோயில் கட்டத் தொடங்கினார்கள். திறப்பு விழாவில் பிள்ளைகளுக்கு அவள் கதையைச் சொல்லவேண்டும், எழுதித் தாருங்கள் என்று ஆசிரமத்துக்கு வந்து கேட்டார்கள். அவளோடு ஒன்றாகப் படித்த மாசிலாமணி எழுதினார். எழுதியதைக் குருவிடம் படித்துக் காட்டினார்.

"பூரணம் பயமே அறியாதவள். இறைவன் கைவிடமாட்டான் என்று நம்பினாள். அவன் பெயரைச் சொல்லியபடி, சிரித்த முகத்தோடு உயிர் விட்டாள்."

"இதை உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார் குரு.

"ஊர்த் தலைவர் சொன்னார். பக்கத்திலிருந்து பார்த்தாராம்."

"எங்கே நின்று பார்த்தார்?"

மாசிலாமணி யோசித்தார். நோய் உள்ளே வராமலிருக்க, ஊரைச் சுற்றி முள்வேலி போட்டிருந்ததாகத் தலைவரே சொல்லியிருந்தார்.

"வேலிக்கு இந்தப் பக்கம், ஊருக்குள்."

"அந்தப் பக்கம் இருந்தவர்களைக் கேட்டாயா?"

குரு மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

கொட்டகையில் கிடந்து பிழைத்தவர்களில் ஒச்சம்மா என்பவள் ஊர்க்கோடியில் தனியாக இருந்தாள். புருஷனும் மகனும் கொட்டகையிலேயே போய்விட்டார்கள். புளியை ஆய்ந்துகொண்டிருந்தவள் இருவருக்கும் பாய் விரித்தாள்.

"பூரணம் பயப்படவே மாட்டாளாமே அம்மா?" என்றார் மாசிலாமணி.

"யாரு சொன்னா? பாவம், அந்தப் பிள்ளை நடுங்கும் சாமி. கை நடுங்க நடுங்கத்தான் எங்க வாயில கஞ்சி ஊத்துச்சு. பாதி என் கழுத்துலதான் வழியும்."

"சாமி கும்பிடுவாளா?"

"கும்பிடும். காலையில எந்திரிச்சதும் கும்பிட்டுட்டுக் குடத்தை எடுத்துக்கிட்டு வேலிக்குப் போவும். 'இன்னைக்கு யாராச்சும் மனசு இரங்குவாங்க அக்கா'ன்னு சொல்லும். நல்ல தண்ணிக் கிணறு வேலிக்கு உள்ளேல்ல இருந்துச்சு."

"இரங்கினார்களா?"

ஒச்சம்மா ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் தூரப் போட்டாள்.

"வெறுங்குடத்தோட திரும்பி வரும். வாய்க்கால் தண்ணியாலதான் நோவு வந்துச்சுன்னு அதுக்குத் தெரியும். எங்கேயோ நடந்துபோய் ஊத்து தோண்டிக் கொண்டாரும். அதை எங்களுக்குக் குடுத்துரும். ஒரு நாள் தாகம் தாங்காம, வாய்க்கால்ல அள்ளிக் குடிச்சிருச்சு. நான் பார்த்தேன். எனக்கு எந்திரிக்கத் தெம்பில்ல."

மாசிலாமணி கேட்டார். "கடைசியில் என்ன சொன்னாள்?"

"தண்ணின்னு சொல்லுச்சு. வேலிக்கிட்டேயே போய் விழுந்து கிடந்து சொல்லுச்சு. அந்தப் பக்கம் ஆள் நின்னாங்க."

"சாமி பெயர்?"

"சொல்லல."

அவள் மறுபடியும் புளியை ஆயத் தொடங்கினாள். பிறகு தலை நிமிராமலே சொன்னாள்: "அந்தக் கிணத்துத் தண்ணியிலதான் இப்போ அதோட கோயிலுக்குச் சுண்ணாம்பு குழைக்கிறாங்க."

திரும்பும் வழியில் கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்தது. ஊர்த் தலைவர் கைகூப்பி ஓடி வந்தார். மோர் கொண்டுவரச் சொன்னார். குரு வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு நடந்தார்.

ஆற்றங்கரை வந்தபோது மாசிலாமணி நின்றுவிட்டார்.

"சுவாமி, நான் எழுதியது அத்தனையும் பொய். ஆனால் நடந்ததை எப்படிப் பிள்ளைகளிடம் சொல்வது? பிஞ்சு மனசு உடைந்துபோகாதா?"

குரு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"தைரியத்தையும் நம்பிக்கையையும் சொல்லி வளர்த்தால்தானே அவர்கள் நல்லவர்களாக வருவார்கள்?"

குரு ஆற்றில் இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டார். கரையேறி வந்து சொன்னார்:

"வேலி கட்டியவர்களையும் அப்படிச் சொல்லித்தான் வளர்த்தார்கள்."